முகமும் தெரிய வேண்டும், விளக்கும் ஒளிர வேண்டும்: லேயர் மாஸ்க், ஓர் எளிய அறிமுகம்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எடுக்கப்படும் பல படங்களில் ஒரே குறையைப் பார்க்கலாம். தலைக்கு மேலே ஒளி அலங்காரம் பளிச்சென்று இருக்கும். கீழே நிற்கும் குடும்பத்தினரின் முகங்கள் இருட்டில் மூழ்கியிருக்கும். வீட்டுக்கு வந்து போனில் பிரைட்னஸைக் கூட்டினால் முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் மேலே இருக்கும் மயிலும் தாமரையும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். குறைத்தால் மயில் திரும்பி வரும், அம்மாவின் முகம் போய்விடும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் இரண்டுமே அரைகுறை.

நமக்கு வேண்டியது முகத்துக்கு மட்டும் வெளிச்சம். பிரைட்னஸுக்கோ முகம் எது, விளக்கு எது என்று தெரியாது. படம் முழுவதையும் ஒன்றாகத் தூக்கும், ஒன்றாக இறக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை ஓரிடத்திலும், எங்கே செய்ய வேண்டும் என்பதை இன்னோரிடத்திலும் சொல்ல வழி இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த இரண்டாவது இடம்தான் லேயர் மாஸ்க். புகைப்படத் திருத்தத்தில் ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் கைகாட்டுவேன். ஆயத்த ஃபில்டர்கள், பிரிசெட்டுகள் எல்லாம் அப்புறம்.

முதலில் லேயர்

வகுப்பறையில் ஓவர்ஹெட் புரொஜெக்டரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லேயர் உடனே புரிந்துவிடும். ஒரு கண்ணாடித் தாளில் தீவின் வரைபடம். அதன்மேல் வைத்த இன்னொரு தாளில் எம்ஆர்டி ரயில் தடங்கள். மேல் தாளை எடுத்துவிட்டாலும் கீழே இருக்கும் வரைபடத்துக்கு ஒன்றும் ஆகாது. லேயர்களும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது நமக்கு ஒரே படமாகத் தெரிகிறது.

இந்த வசதி தொடக்கத்திலேயே இருந்துவிடவில்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டபோது அதில் லேயர் கிடையாது. படத்தின்மேல் ஓர் எழுத்தை வைத்தால் அது படத்தோடு ஒட்டிப்போகும். பிறகு நகர்த்த முடியாது. 1994இல் வந்த 3.0 பதிப்பில்தான் லேயர் வந்தது. 1996இல் வந்த 4.0 பதிப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் சேர்ந்தது. என்னைக் கேட்டால் பெரிய திருப்பம் இந்த இரண்டாவதுதான். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் படமே இருக்காது. "எனக்குக் கீழே இருப்பதை இவ்வளவு வெளிச்சமாக்கிக் காட்டு" என்ற கட்டளை மட்டும் இருக்கும். அந்த லேயரின் கண் குறியை அணைத்தால் கட்டளை நின்றுவிடும், படம் பழையபடி இருக்கும். மூலப்படத்தின் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

கறுப்பு, வெள்ளை, சாம்பல்

ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில், அதே அளவில், நிறமில்லாத ஒரு துணைப்படத்தை ஒட்டி வைக்கலாம். அதுதான் மாஸ்க். அந்தத் துணைப்படம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் லேயர் முழுதாகத் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் மறைந்துவிடும். சாம்பலாக இருக்கும் இடத்தில் அரைகுறையாகத் தெரியும்.

இவ்வளவுதான் விதி. ஆனால் அந்தச் சாம்பலில்தான் சரக்கு இருக்கிறது. வழக்கமான 8 பிட் படத்தில் கறுப்புக்கு எண் 0, வெள்ளைக்கு 255. இடையில் இருப்பவற்றையும் சேர்த்தால் மொத்தம் 256 படிநிலைகள். 128 என்ற சாம்பலைப் பூசினால் ஏறக்குறைய பாதி விளைவு கிடைக்கும். 64 என்றால் கால்பங்கு. ஆக, மாஸ்க்கை ஆம், இல்லை என்ற இரண்டே பதில் உள்ள சுவிட்ச்சாக நினைக்காதீர்கள். நெற்றியில் முழு வெளிச்சம், கன்னத்தில் முக்கால், கழுத்தில் கால், தோளில் ஒன்றுமில்லை என்று ஒரே மாஸ்க்கில் சொல்ல முடியும். கண்ணுக்கு உறுத்தாத திருத்தம் எல்லாம் இந்தச் சாம்பலில்தான் நடக்கிறது.

அழிப்பானை எடுத்து வேண்டாததை அழித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அழித்தது போனதுதான். அன்டூ செய்யலாம் என்றாலும், கோப்பை மூடித் திறந்தபின் அன்டூ கிடையாது. மாஸ்க்கில் கறுப்பு பூசி மறைத்ததை அடுத்த தீபாவளிக்குக்கூட வெள்ளை பூசி மீட்டுவிடலாம். தப்பாகிவிடுமோ என்ற பயம் இல்லாமல் கை ஓடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் இல்லை.

இந்த யோசனை கணினிக்கு முந்தியது. இருட்டறையில் படம் அச்சிட்டவர்கள், தாளின்மேல் ஒளி விழும்போது கம்பியில் ஒட்டிய சிறு அட்டையை இடையில் காட்டி ஓர் இடத்தை வெளிறலாக வைத்தார்கள். கையைக் குவித்து நடுவில் மட்டும் ஒளியை விட்டு இன்னோரிடத்தைக் கறுக்க வைத்தார்கள். ஃபோட்டோஷாப்பில் டாட்ஜ், பர்ன் என்ற கருவிகளுக்கு இருக்கும் குறிகளைப் பாருங்கள்: கம்பியில் ஒட்டிய வட்டமும் குவித்த கையும்தான். அட்டை விளிம்பு கூர்மையாகத் தெரியாமல் இருக்க அதை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். இன்று மென்மையான விளிம்புள்ள பிரஷ் அந்த வேலையைச் செய்கிறது.

கையில் எடுத்துப் பார்ப்போம்

அந்த சிராங்கூன் சாலைப் படத்தையே ஃபோட்டோஷாப்பில் திறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லேயர் பலகையின் அடியில் இருக்கும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை வட்டத்தை அழுத்தி, கர்வ்ஸ் என்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேருங்கள். அதன் பலகையில் ஒரு சாய்ந்த கோடு தெரியும். அந்தக் கோட்டின் நடுப்பகுதியைப் பிடித்து, முகங்கள் நன்றாகத் தெரியும்வரை மேலே இழுங்கள். இந்த நேரத்தில் விளக்குகள் வெளுத்துப்போகும். போகட்டும். இப்போது முகத்தை மட்டும் பாருங்கள்.

புதிய லேயரின் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் ஏற்கெனவே வந்திருக்கும். அதுதான் மாஸ்க். முழுக்க வெள்ளை என்பதால் வெளிச்சம் எல்லா இடத்திலும் பாய்கிறது. அந்தச் சதுரத்தை ஒரு முறை கிளிக் செய்துவிட்டு கன்ட்ரோல், ஐ விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். மேக் கணினி என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். சதுரம் கறுப்பாக மாறும், படம் பழைய இருட்டுக்குத் திரும்பும். கட்டளை இருக்கிறது, ஆனால் எங்கேயும் செயல்படவில்லை.

இனி பிரஷ்ஷுக்கான பி விசை. விளிம்பு மென்மையான பிரஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள். டி விசையை அழுத்தினால் முன்னிறம் வெள்ளையாகவும் பின்னிறம் கறுப்பாகவும் அமையும். மேலே ஃப்ளோ என்று ஓர் எண் இருக்கும். அதை 10 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். பிறகு முகத்தின்மேல் மெதுவாக ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் ஏதோ நடந்ததா இல்லையா என்றே தெரியாது. இரண்டு மூன்று முறை ஓட்டியதும் முகம் இருட்டிலிருந்து எழுந்து வரும். அளவு மிஞ்சிவிட்டதா? எக்ஸ் விசையை அழுத்துங்கள், வெள்ளையும் கறுப்பும் இடம் மாறும். அதே இடத்தில் கறுப்பை லேசாக ஓட்டினால் குறையும். ஒரு கை விசைப்பலகையில், ஒரு கை மவுஸில் என்று இந்த எக்ஸ் விசைப் பழக்கம் வந்துவிட்டால் மாஸ்க் வேலையின் பெரும்பகுதி கைவசமாகிவிட்டது என்று சொல்லலாம். சதுர அடைப்புக்குறி விசைகள் பிரஷ்ஷைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். அவற்றையும் சேர்த்துப் பழகுங்கள்.

ஃப்ளோவைக் குறைப்பதைப் பலர் பொறுமையில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். 100இல் வைத்துப் பூசினால் முகத்தைச் சுற்றி வெட்டி ஒட்டியதுபோல் ஒரு கோடு தெரியும். குறைவாக வைத்துப் பல முறை ஓட்டும்போது சாம்பல் தானாகவே படிப்படியாக உருவாகிறது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லேயரில் படம் இருந்தால், பலகையில் இரண்டு சிறு சதுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ஒன்று படம், இன்னொன்று மாஸ்க். எதைக் கிளிக் செய்தீர்களோ அதைச் சுற்றி மெல்லிய சட்டம் தெரியும். சட்டம் படத்தின்மேல் இருக்கும்போது பிரஷ்ஷை ஓட்டினால், கறுப்பு மை படத்தின்மேலேயே விழும். "மறைக்கச் சொன்னேன், கரி பூசிவிட்டது" என்று தோன்றினால் சட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மாஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அதன் சதுரத்தைக் கிளிக் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைத் துணைப்படம் திரை முழுக்க வரும். விட்டுப்போன ஓட்டைகளும் தவறி விழுந்த புள்ளிகளும் அப்போதுதான் கண்ணில் படும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணைந்து, சதுரத்தின்மேல் சிவப்பு எக்ஸ் விழும். முன்னும் பின்னும் ஒப்பிட இது நல்ல வழி.

சிவப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பின்சாய்கோடு விசையை அழுத்தினால் மாஸ்க், படத்தின்மேல் சிவப்புப் படலமாகத் தெரியும். அச்சுத்தொழிலில் மறைக்க வேண்டிய இடங்களில் சிவப்பு ஃபிலிமை வெட்டி ஒட்டுவார்கள். அச்சுத் தகட்டுக்குப் பயன்படும் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதனால் தொழிலாளி அதன் ஊடே பார்த்து வேலை செய்யலாம், ஃபிலிமுக்கு மட்டும் அது கறுப்புக்குச் சமம். அந்தப் பழைய வழக்கம்தான் திரையில் தொடர்கிறது. ஆகவே ஃபோட்டோஷாப்பில் சிவப்பாகத் தெரிவது மறைக்கப்பட்ட இடம். அடோபியின் இன்னொரு மென்பொருளான லைட்ரூமில் இது நேர்எதிர்: அங்கே சிவப்பாகத் தெரியும் இடத்தில்தான் திருத்தம் நடக்கும். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளிம்புதான் வேலை

முகத்துக்கு மென்மையான விளிம்பு போதும். கோபுரத்துக்குப் போதாது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இரவு 7 மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்தில், வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும்போது, விளக்கு ஏற்றிய ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை எடுக்கிறீர்கள். வானத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இருட்டாக்க ஆசை. மேலிருந்து கீழே வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் ஒரு கிரேடியன்ட்டை மாஸ்க்கில் இழுத்தால் வானம் அழகாக இருட்டும். கூடவே கோபுரத்தின் மேல்பாதியும் இருட்டிவிடும். பிரஷ்ஷால் பூசலாம் என்றால், ஒவ்வொரு சுதைச் சிற்பத்தின் விரலுக்கும் ஆயுதத்துக்கும் இடையில் எட்டிப்பார்க்கும் வானத்தை எத்தனை மணி நேரம் பூசுவது?

இந்த மாதிரி இடத்தில் படத்தையே மாஸ்க் ஆக்கிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. எந்த வண்ணப்படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சாம்பல் படங்களால் ஆனது. சானல்ஸ் பலகையைத் திறந்து மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் விளக்கொளி விழுந்த கோபுரம் நீலச் சானலில் இருண்டு தெரியும். நீல வானம் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். அதாவது வானம் வெளிறலாகவும் கோபுரம் இருட்டாகவும் உள்ள ஒரு துணைப்படம் ஏற்கெனவே படத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சானலை நகல் எடுத்து, லெவல்ஸ் என்ற கருவியைக் கொண்டு இருட்டை இன்னும் கறுப்பாகவும் வெளிச்சத்தை இன்னும் வெள்ளையாகவும் தள்ளுங்கள். கோபுரத்துக்குள் மிச்சமிருக்கும் வெளிறிய திட்டுகளைக் கறுப்பு பிரஷ்ஷால் மூடுங்கள். பிறகு கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சானலின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் அதில் வெளிறலாக இருக்கும் பகுதி தேர்வாகும். அப்படியே கர்வ்ஸ் லேயரைச் சேர்த்தால் அந்தத் தேர்வே அதன் மாஸ்க் ஆகிவிடும். ஒவ்வொரு சுதையின் விளிம்பும் கேமரா பார்த்தபடியே வரும், ஏனென்றால் அதை வரைந்தது கேமராதான்.

இப்போது வானத்தையும் ஆளையும் தானாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள் வந்துவிட்டன. லைட்ரூமில் 2021 முதல் அவை மாஸ்க் பலகையிலேயே இருக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பொத்தான் தருவதும் கடைசியில் இதே கறுப்பு வெள்ளைப் படம்தான். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தைப் பாதியில் வெட்டிவிட்டாலோ, பட்டுப்புடவையின் ஜரிகை நுனியை வானமென்று நினைத்துவிட்டாலோ, பிரஷ் எடுத்துத் திருத்தத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். தலைமுடி, பூ, காவடியின் மயிலிறகு போன்றவற்றுக்கு மாஸ்க்கின் விளிம்பைச் சீராக்க செலக்ட் அண்டு மாஸ்க் என்ற தனித் திரையும் உண்டு. மாஸ்க் முழுவதும் லேசாக மென்மையாக வேண்டும் என்றால் பிராப்பர்ட்டீஸ் பலகையில் ஃபெதர் அளவைக் கூட்டினால் போதும்; அதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இரண்டு படங்களைச் சேர்ப்பதும் இதே கதைதான். முக்காலியில் கேமராவை வைத்து, விளக்குகளுக்கு ஏற்றபடி ஒன்று, தெருவுக்கு ஏற்றபடி ஒன்று எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதில் விளக்குப் பகுதியை மட்டும் மாஸ்க்கால் காட்டுங்கள். ஆகஸ்ட் 9 அன்று மரீனா பேயில் எடுத்த வாணவேடிக்கைப் படங்கள் என்றால், லேயர் தனக்குக் கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோடை லைட்டன் என்று மாற்றினாலே எல்லா வெடிப்பூக்களும் ஒரே வானத்தில் சேர்ந்துவிடும். முன்னால் நிற்பவர்களின் போன் திரை வெளிச்சத்தை மறைக்க மட்டும் மாஸ்க் தேவைப்படும்.

தோலின் நிறம்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முகத்துக்கு வெளிச்சம் கூட்டுவது வேறு, முகத்தை வெளுக்கச் செய்வது வேறு. நம் ஆட்களின் படங்களைத் திருத்துபவர்கள் இந்த எல்லையை அடிக்கடி தாண்டுகிறார்கள். திருமண ஆல்பங்களில் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஃபிலிம் காலத்திலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே இருந்தது. ஷெர்லி கார்டு என்று அதை அழைத்தார்கள். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் போனால் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இன்று அந்த அட்டை நம் கையில் இல்லை, கர்வ்ஸும் பிரஷ்ஷும் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு கரிய முகத்தின் அழகை நாமே ஏன் அழிக்க வேண்டும்?

செய்முறையாகச் சொன்னால் இரண்டு விஷயங்கள். முகத்துக்கான கர்வ்ஸ் லேயரின் பிளெண்ட் மோடை லுமினாசிட்டி என்று மாற்றுங்கள். ஒளியின் அளவு மட்டும் மாறும், நிறம் தன் இடத்திலேயே இருக்கும். அடுத்து, மாஸ்க்கில் முகம் முழுக்க ஒரே வெள்ளையைக் கொட்டாதீர்கள். கரிய தோலின் உயிர் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கின் மேட்டிலும் மின்னும் ஒளியில் இருக்கிறது. அந்த மேடுகளுக்குச் சற்று அதிகம், கண்குழிக்கும் தாடைக்குக் கீழும் குறைவு என்று சாம்பலை வேறுபடுத்தினால் முகம் முகமாகவே இருக்கும். கழுத்தையும் கையையும் மறக்க வேண்டாம். தைப்பூசத்தில் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி சுமந்து வந்தவரின் படம் என்றால் இன்னும் கவனம் தேவை. திருநீறும் வியர்வையும் தோலின்மேல் எப்படி இருந்தனவோ அப்படியே தெரிய வேண்டும்.

எஃபெக்ட்டுகள் எங்கே வருகின்றன

இதுவரை பார்த்தது வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட்டுகள். எஃபெக்ட்டுகள் வேறு இனம். டிராப் ஷேடோ என்ற நிழல், ஸ்ட்ரோக் என்ற எல்லைக்கோடு, அவுட்டர் குளோ என்ற ஒளிவட்டம் போன்றவை லேயருக்கு உள்ளே இருக்கும் புள்ளிகளைத் தொடுவதில்லை. லேயரின் வடிவம் எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த விளிம்பை ஒட்டித் தங்கள் வேலையைச் செய்கின்றன. மாஸ்க்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் இரண்டும் இங்கே சந்திக்கின்றன.

சமூக மன்றத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு போஸ்டர் செய்வதாக வையுங்கள். பொங்கல் பானையின் படத்தை எடுத்து, பின்னணியை மாஸ்க்கால் மறைக்கிறீர்கள். பிறகு அந்த லேயருக்கு டிராப் ஷேடோ கொடுத்தால் நிழல் செவ்வகமாக விழாது. மாஸ்க் வெட்டிய பானையின் வடிவத்திலேயே விழும். மாஸ்க்கைக் கொஞ்சம் திருத்தினால் நிழலும் கூடவே மாறும். இதுவரை இனிமை.

அடுத்து, பானையின் அடிப்பகுதி மெல்லக் கரைந்து கோலத்தோடு கலக்க வேண்டும் என்று மாஸ்க்கில் கறுப்பு கிரேடியன்ட் இழுக்கிறீர்கள். பானை கரைகிறது, ஆனால் எல்லைக்கோடோ ஒளிவட்டமோ கரைந்த விளிம்பைத் துரத்திக்கொண்டு புதிய இடத்தில் முளைக்கிறது. இதைப் பார்த்து மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. புதிய விளிம்பு உருவானதால் எஃபெக்ட் அங்கே போயிருக்கிறது, அவ்வளவுதான். லேயரை இரட்டை கிளிக் செய்து பிளெண்டிங் ஆப்ஷன்ஸுக்குப் போனால், லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் செய்தால் மாஸ்க் எஃபெக்ட்டையும் சேர்த்து மறைக்கும். ஒளிவட்டமும் பானையோடு சேர்ந்து கரையும். இந்த ஒரு பெட்டியைத் தெரிந்துகொண்டால் நிறையத் தலைவலி குறையும்.

அதே பலகையில் ஒபாசிட்டி, ஃபில் என்ற இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒபாசிட்டியைக் குறைத்தால் எல்லாமே மங்கும். ஃபில்லைக் குறைத்தால் லேயரின் உள்ளடக்கம் மட்டும் மங்கும், எஃபெக்ட்டுகள் அப்படியே நிற்கும். எழுத்தின் உள்பகுதி மறைந்து ஒளிவிடும் விளிம்பு மட்டும் தெரிகிற நியான் தோற்றம் வேண்டுமென்றால் ஃபில்லை 0 ஆக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளுக்கு எஃபெக்ட் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ட்ரோக்கின் தடிமனை ஏற்றும்போது அது எழுத்துக்கு வெளியே மட்டும் வளர்வதில்லை. ண, ழ, றை போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள்ளும் வளரும். ஒரு கட்டத்தில் சுழி அடைந்துபோய், புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பேருந்து நிறுத்தத்தில் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது எழுத்தாகவே தெரியாது. தடித்த எல்லைக்கோடு கட்டாயம் வேண்டும் என்றால் சுழிகள் விரிந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் கோட்டை விட்டுவிட்டு மென்மையான நிழலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் கொம்பும் கால்களும் இடம் மாறி விழுந்தால், பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளைக் கையாளும் எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்டு ரெடி லேஅவுட். பிழையாக அடித்த தமிழின்மேல் எவ்வளவு அழகான ஒளிவட்டம் போட்டும் பயனில்லை.

பிளர், ஷார்ப்பன் போன்ற ஃபில்டர்களுக்கும் மாஸ்க் கிடைக்கும். லேயரை முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால், அதாவது மூலப்படத்தை மாற்றாமல் காக்கும் ஓர் உறைக்குள் வைத்துவிட்டால், போடும் ஃபில்டர்களுக்குத் தனி வெள்ளைச் சதுரம் ஒன்று கீழே வரும். பின்னணிக்கு மட்டும் மங்கல், முகத்துக்கு வேண்டாம் என்றால் அந்தச் சதுரத்தில் முகத்தின்மேல் கறுப்பு பூசுங்கள். விதி அதே விதி.

எந்த மென்பொருள்?

காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கிம்ப் இலவசம், லேயரை வலது கிளிக் செய்து மாஸ்க் சேர்க்கச் சொன்னால் வெள்ளையா, கறுப்பா, லேயரின் சாம்பல் நகலா என்று அதுவே கேட்கும். பழைய கிம்ப் பதிப்புகளில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போன்ற வசதி இல்லாததால், படத்தின் லேயரை நகல் எடுத்து, நகலில் கர்வ்ஸ் போட்டு, கறுப்பு மாஸ்க் சேர்த்துப் பூசுவார்கள். விளைவு ஒன்றுதான். 2025இல் வந்த 3.0 பதிப்பில் கர்வ்ஸ் போன்றவற்றைப் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. எதையும் நிறுவ முடியாத பள்ளி, அலுவலகக் கணினி என்றால் ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும். பலகைகள் ஏறக்குறைய ஃபோட்டோஷாப் மாதிரியே இருப்பதால் மேலே சொன்ன பலவும் அங்கே பொருந்தும். போனில் ஸ்னாப்சீட் போதும்: ஒரு மாற்றத்தைச் செய்தபின், செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்து, அதில் பிரஷ் குறியைத் தொட்டால் அந்த மாற்றம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் விரலால் பூசலாம். பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் மாஸ்க்தான்.

பழகுவதற்குக் கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீட்டைப் பரிந்துரைப்பேன். 1900ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். ஹியூ, சேச்சுரேஷன் லேயர் ஒன்றைச் சேர்த்து, ஒரே ஒரு சன்னல் கதவின் நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நேர்கோட்டு விளிம்புகள் என்பதால் கைக்கு எளிது, மாஸ்க் பிசகினால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அது வந்தபின் முகம், அப்புறம் தலைமுடி, கடைசியில் கோபுரம்.

சேமிக்கும்போது கவனம். ஜேபெக் கோப்பில் லேயர்களும் மாஸ்க்கும் தங்காது; எல்லாம் ஒரே படமாக ஒட்டிவிடும். ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி அல்லது டிஃப், கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் வடிவில் முதலில் சேமித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் நகல் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வையுங்களேன்" என்று யாராவது பதில் அனுப்பினால், பிஎஸ்டியைத் திறந்து அந்த ஒரு முகத்தின்மேல் வெள்ளையை இன்னொரு ஓட்டு ஓட்டினால் முடிந்தது.